கரும்புக்காட்டுப் படங்கள் கொழுந்து மலைக்கு வரட்டும்

கறுப்பின மக்கள் தங்கள் படங்களுக்காகத் தாங்களே விழா எடுத்த கதையில் பதுளைத் தோட்டங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1791இல் கரீபியக் கடலில் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த செயின்ட் டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் பற்றி எரிந்தன. 1804இல் அது ஹெய்ட்டி என்ற பெயரில் சுதந்திர நாடானது. அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த லபோரி என்ற பிரெஞ்சுக்காரர் ஜமைக்காவில் ஒதுங்கினார். தனக்குத் தெரிந்த தொழிலையெல்லாம் எழுதி 1798இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். காடு வெட்டுவது, கன்று நடுவது, காய் உலர்த்துவது ஆகியவற்றோடு அடிமைகளை எப்படி வேலை வாங்குவது என்பதும் அந்த நூலில் அடக்கம்.

அரை நூற்றாண்டு கழிவதற்குள் அந்த நூல் இலங்கை மலைநாட்டில் காப்பி போட வந்த துரைமாரின் கைநூலாகிவிட்டது. 1837இல் இங்கு வந்திறங்கிய ரொபர்ட் பொய்ட் டைட்லர் ஜமைக்காவில் தொழில் பழகியவர். அங்கே பழகிய முறையைத்தான் அவர் இங்கே புகுத்தினார். பிரித்தானியரின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834இல். அங்கே காப்பி விழ, இலங்கையில் காப்பி எழுந்தது. அந்தக் காப்பிக்காகத்தான் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணிகளின் பின்னால் நடந்து வந்தார்கள். ஊவாவுக்கும் வந்தார்கள். காப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலில் கண்ணில் பட்ட இடம் நம் மடுல்சீமை. காப்பி போனது, தேயிலை வந்தது, லயம் அப்படியே நின்றது.

அடிமைச் சந்தையும் கங்காணி முறையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் கட்டி விற்றார்கள். அவர்கள் மொழியை, பெயரை, தெய்வத்தைப் பறித்தார்கள். நம்மவர்களைக் கட்டியது கடன். மொழியும் மாரியம்மனும் தப்பும் காமன் கூத்தும் நம்மோடு கூடவே வந்தன. ஆனால் வரிசை வீடு, விடியற்காலைப் பெரட்டு, மேட்டில் துரையின் பங்களா, தோட்டத்துக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதையே மறக்கடிக்கும் ஏற்பாடு எல்லாம் ஒரே பட்டறையில் அடித்தவை. அதனால்தான் கறுப்பின மக்கள் எடுத்த தோட்டக்காட்டுப் படங்கள் பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் ஓட வேண்டும் என்கிறேன்.

படம் பிடிக்கப்பட்டவர்கள்

ஒன்பது வளைவுப் பாலத்தருகே ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவே ரயில் வரும் நேரத்துக்குக் கைபேசிகள் நூற்றுக்கணக்கில் உயர்கின்றன. பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் கூடையோடு நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். சிலர் கையில் காசும் கொடுக்கிறார்கள். அந்தப் படம் எந்த நாட்டுச் சுவரில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது.

இது இன்று தொடங்கிய பழக்கமில்லை. இலங்கையைப் பற்றி உலகம் கொண்டாடிய முதல் பெரிய ஆவணப்படம் பாசில் ரைட் இயக்கி 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்'. அதற்குப் பணம் போட்டது தேயிலைப் பிரசாரச் சபை. படத்தின் ஒளிப்பதிவும் ஒலிக்கோவையும் இன்றைக்கும் வியக்க வைப்பவை, அதை மறுக்க முடியாது. 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளைக் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். வணிகத்தின் குரல்கள் என்ற பகுதியில் கொழுந்து மலை வருகிறது. விரல்கள் ஓடுகின்றன, கூடை நிறைகிறது. அந்தக் காட்சியின் மேல் கேட்பதோ சந்தை விலையும் கப்பல் செய்தியும் வணிகக் கட்டளைகளும். பறிக்கும் பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. தேயிலை பேசுகிறது, அவள் பேசவில்லை.

அதே 1934இல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு ஒரு கட்டளை போட்டது. லாவால் ஆணை என்று அதற்குப் பெயர். அரசின் அனுமதியில்லாமல் அங்கே யாரும் படம் எடுக்க முடியாது. ஆப்பிரிக்கர் கைக்குக் கமெரா போகாமல் தடுப்பதே அதன் பலன். இருபது ஆண்டுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. போலின் வியெய்ராவும் நண்பர்களும் தாய்மண்ணில் படம் எடுக்க வழியில்லாமல் 1955இல் பாரிஸ் தெருக்களில் 'ஆப்ரிக் சூர் சேன்' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கரின் சினிமா அப்படித்தான் பிறந்தது.

ஹொலிவூட்டும் நம் மலையை விட்டுவைக்கவில்லை. எலிசபெத் டெய்லர் நடித்து 1954இல் வந்த 'எலிபன்ட் வோக்' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. ஆனால் அது பங்களாவுக்குள் நடக்கும் கதை. தொழிலாளர் அங்கே பின்னணி, அவ்வளவுதான்.

விழா ஏன் எடுத்தார்கள்?

திரைப்பட விழா என்றதும் சிவப்புக் கம்பளமும் நட்சத்திரங்களும் நினைவுக்கு வருகின்றன. கறுப்பின விழாக்கள் பிறந்த காரணம் வேறு. படத்தை எடுத்து முடித்தாலும் சொந்த மக்களுக்குக் காட்ட இடமில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் திரையரங்குகளும் படங்களின் விநியோகமும் கொமாசிக்கோ, செக்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கொம்பனிகளின் பிடியில் இருந்தன. அரங்குகளில் வெளிநாட்டுப் படங்கள் ஓடின, ஆப்பிரிக்கப் படத்துக்கு ஒரு காட்சிகூடக் கிடைப்பது அரிது. இந்த நிலையில்தான் 1969இல் அப்பர் வோல்டாவின் தலைநகர் வாகடூகுவில் ஆப்பிரிக்கப் படங்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டே அந்த ஏழை நாடு திரையரங்குகளை அரசுடைமையாக்கியது. அந்த வாரம்தான் ஃபெஸ்பாக்கோ என்ற பெருவிழாவாக வளர்ந்தது. நாட்டின் பெயர் இன்று புர்கினா பாசோ. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆப்பிரிக்காவின் இயக்குநர்கள் அங்கே கூடுகிறார்கள். முதல் பரிசு, குதிரையேறிப் போன இளவரசி யென்னெங்காவின் பெயரால் வழங்கும் பொற்குதிரை. கடல் கடந்து வாழும் கறுப்பின இயக்குநர்களின் படங்களுக்குப் போல் ரொப்சன் பெயரில் ஒரு பரிசு வைத்தார்கள். 2025இல் பொற்குதிரை அந்த நாட்டுக்காரரான டானி குயாட்டேக்கே கிடைத்தது.

அமெரிக்காவில் நடிகர் டானி குளோவர், நடிகை ஜனே டுபுவா, அயுக்கோ பாபு ஆகியோர் 1992இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பான் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். 1993இல் நியூயோர்க்கில் ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் சர்வதேசத் திரைப்பட விழா வந்தது. 2012இல் பிலடெல்பியாவில் பிளாக்ஸ்டார் வந்தது. எதியோப்பியாவில் பிறந்த ஹைலே கெரிமா 1993இல் 'சங்கோஃபா' என்ற படத்தை முடித்தார், அடிமைத் தோட்டத்துக் கதை. அமெரிக்காவில் அதை வாங்க விநியோகஸ்தர் முன்வரவில்லை. அவரே அரங்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். கறுப்பின மக்கள் வாய்மொழியாகவே செய்தி பரப்பி வாரக்கணக்கில் அரங்கை நிரப்பினார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அந்த மக்கள் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. பார்க்கும் கூட்டத்தையும் தாங்களே சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இதன் சாயலைக் காணலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெப்ரவரியைத் தங்கள் வரலாற்று மாதமாக வைத்ததைப் பார்த்துத் தலித் இயக்கத்தார் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக்கினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அந்த மாதத்தில் சென்னையில் பி.கே. ரோஸி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. முதல் மலையாளப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக ஊரை விட்டே விரட்டப்பட்ட தலித் பெண் ரோஸி. நம் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சாதிகளிலிருந்து வந்தார்கள் என்பதை நாம் மேடையில் பேசுவதில்லை. அதைப் பேச வைக்கும் விழாவும் நமக்கு வேண்டும்.

லயத்துக்குத் தெரிந்த கதை

எந்தப் படத்தை முதலில் போடுவது என்று கேட்டால், யூசான் பால்சி 1983இல் எடுத்த 'சுகர் கேன் அலி' என்பேன். மார்ட்டினிக் தீவில் பிறந்த அவர் அப்போது இருபதுகளில் இருந்த இளம்பெண். ஜோசப் ஸோபெல் எழுதிய நாவலைப் படமாக்கினார். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. 2022இல் அவருக்குக் கௌரவ ஆஸ்காரும் கிடைத்தது.

கதை நடப்பது 1930களில், கரும்புத் தோட்டத்துக் குடிசை வரிசையில். ஜோசே என்ற பையனை வளர்ப்பது அவன் பாட்டி மாமான் தீன். பகலெல்லாம் பெரியவர்கள் கரும்பு மலையில் இருக்க, பிள்ளைகள் தனியே கிடக்கிறார்கள். குறும்பு செய்து குடிசைக்கு நெருப்பும் வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளையும் தோட்ட வேலைக்கு இறக்குகிறார்கள். மாமான் தீன் மட்டும் பேரனை விட மறுக்கிறாள். ஏழு தலைமுறையாகத் தேய்ந்த உடம்பு இவனோடு நிற்கட்டும் என்ற வைராக்கியம் அவள் முகத்தில் தெரிகிறது. சம்பள நாளில் வரிசையாக நின்று பெயர் கூப்பிடக் காசு வாங்குகிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவு, முணுமுணுப்பு எழுகிறது. தராசில் காட்டிய கிலோவில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் அக்காமாருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் மெதூஸ் என்றொரு கிழவர் வருகிறார். ஜோசேக்கு இரவில் கதை சொல்பவர். அடிமைகளுக்கு விடுதலை என்று சொன்னதும் தன் தந்தை தீவு முழுக்க ஓடித் திரிந்ததையும், நிலமெல்லாம் வெள்ளையர் கையிலேயே இருந்ததால் கடைசியில் அதே கரும்புக்கே திரும்பியதையும் சொல்கிறார். நமக்கும் 2003இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948இல் பறித்ததைத் திருப்பித் தந்தார்கள். நிலம்? மெதூஸ் கேட்ட கேள்வி ஹாலிஎலையிலும் மடுல்சீமையிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது படம் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த 'பிளாக் கேர்ள்'. மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் செம்பேன், தொழிற்சங்கக்காரர், நாவலாசிரியர். தன் மக்களில் பெரும்பாலோருக்குத் தன் நாவலைப் படிக்க முடியாது என்று உணர்ந்து, நாற்பது வயதை நெருங்கும்போது சினிமா படிக்கப் போனார். சினிமாவை இராப்பள்ளி என்று கருதியவர் அவர். ஊர் ஊராகப் படத்தைக் கொண்டுபோய்ப் போட்டு, பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்.

படத்தின் நாயகி தியுவானா பிள்ளை பார்க்கும் வேலை என்று நம்பிப் பிரான்சுக்குப் போகிறாள். அங்கே சமையல், துடைப்பு, துணி துவைப்பு, வசை. வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. ஊரிலிருந்து தாயின் கடிதம் வருகிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எஜமான் அதை வாசித்துவிட்டு, அவளைக் கேட்காமலே அவள் பெயரில் பதில் எழுதத் தொடங்குகிறான். நலமாக இருக்கிறேன், எல்லாரும் அன்பாக நடத்துகிறார்கள் என்ற தோரணையில் போகிறது கடிதம். அது தன் கடிதமில்லை என்று அவள் மனம் சொல்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள்.

சவூதிக்கும் குவைத்துக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பாத தோட்டம் ஊவாவில் உண்டா? ஏஜென்சிக்காரன் சொன்ன வேலை வேறு, அங்கே செய்த வேலை வேறு என்ற கதை எத்தனை வீட்டில் கிடக்கிறது? தொலைபேசியில் பக்கத்தில் முதலாளியம்மா நிற்க, நல்லா இருக்கேன் அம்மா என்று சொன்ன பிள்ளைகளின் தாய்மார் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு பேச வேண்டும். பேசுவதற்குத்தான் விழா.

நாம் எடுக்காத படங்கள்

நமக்கென்று ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் திரைக்கு வந்தது. தோட்டத்து மக்களின் வாழ்வைத் திரையில் வைத்த முன்னோடி முயற்சி அது. அதன் எழுத்துப் பணியில் பதுளை மண்ணின் பிள்ளை தெளிவத்தை ஜோசப்பும் பங்கேற்றார். பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தது. பி.எச். டேனியலின் நாவலை வைத்து எடுத்த அந்தப் படம் ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைக் காட்டைப் பேசியது. பிரசன்ன விதானகேயின் 'பேரடைஸ்' 2023இல் புசான் விழாவில் கிம் ஜிசொக் விருது வென்றது. மலைநாட்டில் திருட்டுப் பழி சுமத்தப்பட்டுப் பொலிஸ் பிடித்துச் செல்லும் தமிழ் இளைஞர்கள் அதில் வருகிறார்கள். நேர்மையான படம். ஆனால் கதையின் கண் விடுமுறைக்கு வந்த கேரளத் தம்பதியின் கண். லயத்துக்குள்ளிருந்து பார்க்கும் கண் இன்னும் வரவில்லை.

வேவெஸ்ஸ தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதுளை நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1940இல் அங்கே சமசமாஜக் கட்சியின் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்துபேசித் தோட்டத்தை நடத்தத் துரை சம்மதிக்க வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளையே பறித்துவிட்டார்கள். மே மாதம் கூட்டத்துக்கு விதித்த தடையை மீறிக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா பதுளையில் பேசினார். ஜூனில் அவரையும் பிலிப் குணவர்தனவையும் கொல்வின் ஆர். டி சில்வாவையும் சிறையில் போட்டார்கள். டக்கார்-நைஜர் ரயில் தொழிலாளரின் 1947 வேலைநிறுத்தத்தைச் செம்பேன் நாவலாக்கி உலகத்துக்கே தெரிய வைத்தார். வேவெஸ்ஸ எத்தனை பதுளைப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

இன்னொன்று ஒப்பாரிக் கோச்சி. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பெயர் வந்த குடும்பங்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போனபோது ஸ்டேஷனில் எழுந்த அழுகையே அந்தக் கோச்சிக்குப் பெயராகி நிலைத்தது. அண்ணன் நீலகிரிக்கு, தங்கை நமுனுகுலைக்கு. எல்லவுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணி இன்று கதவில் தொங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பாதையில் ஒப்பாரிக் கோச்சியும் ஓடியது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை வெளியூர்த் தொலைக்காட்சிகள் கொஞ்ச நாள் காட்டிவிட்டுப் போய்விட்டன. அதற்குப் பிறகு நடந்ததை எடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோரைத் தேடி இலங்கைக்கு வெளியேதான் போக வேண்டும் என்பதுமில்லை. போர்த்துக்கேயர் காலம் முதல் பிரித்தானியர் காலம் வரை படைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியார் புத்தளம் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய மஞ்சா பாட்டும் ஆட்டமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பதுளையில் விழா நடந்தால் முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும்.

எப்படி நடத்தலாம்?

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து மக்களுக்கு இரவு முழுக்க விழித்துக் கதை பார்ப்பது புதிதல்ல. மாசியில் காமன் கூத்து விடிய விடிய நடக்கிறது. எண்பதுகளில் டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து கோயில் திருவிழாவுக்கு மூன்று படம் போட்டதும், பாயோடு வந்து இடம் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். இன்று ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும். பெரட்டுக்களம் இருக்கிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும் நாட்களில் திறந்த வெளியில் தாராளமாகப் படம் போடலாம்.

மொழிதான் தடை என்பார்கள். உகண்டாவில் வீடியோக் கொட்டகைகளில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலப் படத்துக்கு லுகண்டா மொழியில் அந்தக் கணமே பேச்சுக் கொடுப்பார். மக்கள் அவருக்காகவே கூட்டமாக வருவார்கள். காமன் கூத்து வாத்தியாருக்கும் தோட்டத்து நாடகக் கலைஞருக்கும் அது கைவந்த வேலை. மாமான் தீனுக்குப் பசறைத் தமிழ் பேச ஆள் கிடைக்காதா?

படங்களும் எட்டாதவை அல்ல. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் அறக்கட்டளை ஆப்பிரிக்கத் திரைக்கலைஞர் கூட்டமைப்போடும் யுனெஸ்கோவோடும் சேர்ந்து 2017இல் ஆப்பிரிக்கப் படங்களை மீட்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 'பிளாக் கேர்ள்' ஏற்கெனவே மீட்கப்பட்டுப் பளிச்சென்று இருக்கிறது. முறையாகக் கடிதம் எழுதி அனுமதி கேட்கலாம். உள்நாட்டில் 2015 முதல் நடக்கும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவின் அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அரசியல்வாதிக்கு மாலை போடும் மேடையாக இது மாறினால், கொம்பனிகளின் விளம்பரத் தட்டி திரையை விடப் பெரிதானால், கொழும்பு விருந்தினர் வந்து வறுமையைப் பார்த்து உச்சுக்கொட்டிப் போகும் நிகழ்வானால், நடத்தாமலிருப்பதே நல்லது. முன்வரிசை கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு. நேரம் அவர்கள் வேலை முடித்துக் குளித்துச் சமைத்த பிறகு. படத்துக்குப் பின் பேசுவதும் முதலில் அவர்களே.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த நடையில் திரண்ட இளைஞர்களின் கையில் இன்று கைபேசிக் கமெரா இருக்கிறது. தொழிற்சங்கங்களே, சந்தாவில் ஒரு சிறு பங்கை ஒரு புரொஜெக்டருக்கு ஒதுக்குங்கள். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளே, வசன மொழிபெயர்ப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, வேவெஸ்ஸ வேலைநிறுத்தத்தைக் கேட்டறிந்த முதியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் மாணவர்களை அவர்கள் முன்னால் உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். அடுத்த காய்ந்த பருவத்தில் ஏதாவதொரு தோட்டத்தில் 'சுகர் கேன் அலி'யைப் போட்டுத் தொடங்குங்கள். மற்றதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.